ஒளியின் எழுத்தைப் படித்த தமிழர்: சேர் கே. எஸ். கிருஷ்ணன்

உப்புப் போட்ட கஞ்சி பொங்கிக் காஸ் அடுப்பில் வழிந்தால், அதுவரை நீலமாக எரிந்த சுவாலை நொடிப்பொழுதில் மஞ்சளாகிவிடுவதை நம் தாய்மார் நாளும் காண்கின்றனர். கோயில் விழாவில் வாணம் விடும்போது, ஒன்று சிவப்பாகவும் ஒன்று பச்சையாகவும் வானத்தில் விரிவதை நாம் சிறுவயதிலிருந்தே அண்ணாந்து பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். கறியுப்பிலுள்ள சோடியம் மஞ்சளையே தரும். ஸ்ட்ரொன்சியம் சேர்ந்த உப்புச் சிவப்பைத் தரும். பேரியம் சேர்ந்தது பச்சையைத் தரும். செம்பு சேர்ந்தது நீலத்தைத் தரும். ஒவ்வொரு பொருளும் தனக்கென ஓர் ஒளியை வைத்திருக்கிறது. அவ்வொளியைப் படிக்கத் தெரிந்தவனுக்கு, பொருளைத் தொடாமலே அது யாதென்று சொல்லிவிடல் இயலும். அப்படிப் படிப்பதில் தம் இளமையைச் செலவிட்ட தமிழர் ஒருவரின் சரிதத்தையே நாம் இவ்வாண்டு மலருக்கு எடுத்துக்கொண்டோம்.

இவ்வெண்ணத்தைச் சங்கத்தில் தெரிவித்தபோது, பெரியவர் ஒருவர் நம்மைத் தம்பி என்று அன்போடு அழைத்து, அடியார் சரிதம் வரவேண்டிய பக்கத்தில் விஞ்ஞானியின் சரிதம் எதற்கு என்று வினவினார். மிஷன் பாடசாலையில் படித்துச் சர்வகலாசாலைக்குப் போகும் பிள்ளைகள் ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்ததும் அம்மன் வாசலை மறந்துவிடுகிறார்களே என்ற கவலை அவருடைய பேச்சில் இருந்தது. அக்கவலை நம்மையும் உத்தேசித்தது என்பது நமக்கு விளங்காமலில்லை. சென்ற ஆண்டு நம் முத்துமாரி அம்மன் பொங்கலுக்குப் பரீட்சையைக் காரணம் காட்டி நாம் ஊருக்கு வரவில்லை. ஆகவே இச்சரிதத்தை எழுதும்போது, பெரியவருக்கு மாத்திரமன்றி நமக்கும் ஒரு விடை தேடிக்கொள்ளவேண்டியவராய் இருக்கிறோம்.

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி, தமிழ்நாட்டில் மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் பயிர்த்தொழில் செய்தவர். தமிழிலும் சம்ஸ்கிருதத்திலும் தேர்ந்தவர். பெரிய நகரங்களின் வசதி எதுவும் அவ்வூருக்குக் கிடையாது. ஆயினும் அவ்வீட்டில் நூல்கள் இருந்தன. அவற்றைச் சுவைத்துச் சொல்ல ஒரு தகப்பனார் இருந்தார். பிற்காலத்தில் கிருஷ்ணனைக் கண்டு பழகியோர், அவருடைய விஞ்ஞானத்தை எவ்வளவு வியந்தனரோ அவ்வளவுக்கு அவருடைய இலக்கியப் புலமையையும் வியந்தனர் என்றால், அதற்கு வித்து இட்டது அந்தக் கிராமத்து வீடேயாகும்.

ஊரில் ஆரம்பக் கல்வி கற்றபின், ஆண்டாள் அவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்து உயர்தரப் பாடசாலையில் அவர் பயின்றார். அங்கே விஞ்ஞானம் புகட்டிய ஆசிரியர் ஒருவரை அவர் இறுதிவரை நன்றியோடு நினைத்திருந்தார். அதன்பின் மதுரையில் அமெரிக்கன் கல்லூரியும், சென்னையில் கிறிஸ்தவக் கல்லூரியும் அவருக்குக் கல்வி அளித்தன. இந்து வீட்டில் பிறந்து, இந்துப் பாடசாலையில் தொடங்கி, மிஷனரிமார் நிறுவிய கல்லூரிகளில் உயர்கல்வி பெற்ற இந்த வழி நம்மூர்ப் பிள்ளைகள் பலருக்கும் பழக்கமான வழிதானே. அவர் இரண்டு இடத்துக்கும் நன்றியுள்ளவராய் இருந்தார்; ஒன்றுக்காக மற்றொன்றை இகழ்ந்தாரல்லர்.

பட்டம் பெற்றபின் கிறிஸ்தவக் கல்லூரியிலேயே இரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாசிரியராக அமர்ந்தார். அப்பதவியில் சம்பளம் சிறிது, பெருமையும் சிறிது. ஆனால் மதிய உணவு வேளையில் அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். பௌதிகமோ, இரசாயனமோ, கணிதமோ, எந்த ஐயமாயினும் யாரும் வந்து கேட்கலாம். நாளடைவில் தம் கல்லூரி மாணவர் மட்டுமன்றிப் பிற கல்லூரி மாணவரும் அங்கு வந்து கூடலாயினர். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த வகுப்புக்கு வரவுப் பதிவும் இல்லை, சம்பளமும் இல்லை. இருந்தும் கூட்டம் குறையவில்லை.

1920ஆம் ஆண்டு அவர் கல்கத்தாவுக்குச் சென்றார். அங்கே திருச்சிராப்பள்ளியிற் பிறந்த மற்றொரு தமிழர், சந்திரசேகர வேங்கட இராமன், விஞ்ஞானப் பயிற்சிச் சங்கத்தின் ஆய்வுகூடத்தில் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்பிய இராமன், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைக் கண்டு, அது வானத்தின் நிறத்தைக் கண்ணாடிபோல் காட்டுவதன்று, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிப்பதால் எழுவது என்று கண்டறிந்தார். கோணேசர் மலையில் நின்று கீழே கடலைப் பார்க்கும்போது நம் கண்ணில் நிறைகின்ற நீலத்திலும் இச்சிதறலுக்குப் பங்குண்டு. 1923ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் இராமனின் ஆராய்ச்சியிற் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த முதல் வேலை, 65 திரவங்களைத் தூய்மையாக்கி, ஒவ்வொன்றும் ஒளியை எவ்விதம் சிதறடிக்கின்றது என்று அளப்பது. தூசு ஒரு துளி இருந்தாலும் அளவு பிழைத்துவிடும். வடித்து, மீண்டும் வடித்து, மாதக்கணக்கில் செய்யவேண்டிய பொறுமையான வேலை அது.

இவ்விடத்தில் அணுவின் ஒளியைப்பற்றிச் சிறிது சொல்லியாகவேண்டும். 1860ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கிர்க்கொஃப், புன்சன் என்னும் இருவர், சுவாலையில் இட்ட உப்புகளின் ஒளியை முப்பட்டைக் கண்ணாடியால் விரித்துப் பார்த்தனர். வானவில்போல் தொடர்ந்த நிறங்கள் தெரியவில்லை. தனித்தனிக் கோடுகளே தெரிந்தன. சோடியத்துக்கு 589 நனோமீற்றர் அலைநீளத்தில் நெருங்கிய இரண்டு மஞ்சட் கோடுகள். ஒவ்வொரு மூலகத்துக்கும் அதற்கே உரிய கோட்டு வரிசை. கைரேகையில் ஒருவனை அறிவதுபோல் இக்கோடுகளால் மூலகத்தை அறியலாயிற்று. 1868ஆம் ஆண்டு ஓகஸ்ட் 18ஆம் திகதிச் சூரிய கிரகணத்தை ஆந்திர நாட்டுக் குண்டூரில் நின்று ஜான்சன் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்தார். அவ்வாண்டு சூரிய ஒளியிற் கண்ட ஒரு மஞ்சட் கோடு சோடியத்தின் கோட்டோடு பொருந்தவில்லை. அது பூமியில் அதுவரை அறியப்படாத ஹீலியத்தின் கோடு என்பது 1895இல் உறுதியாயிற்று. சூரியனிற் படித்த எழுத்தைப் பின்னர் மண்ணிற் கண்டார்கள்.

கோடுகள் ஏன் என்பதற்கு 1913இல் நீல்ஸ் போர் விடை தந்தார். கோயிற் கேணியின் படிகளை எண்ணிக்கொள்க. ஒருவன் முதற் படியில் நிற்கலாம், மூன்றாம் படியில் நிற்கலாம். இரண்டு படிகளுக்கு இடையே அந்தரத்தில் நிற்றல் இயலாது. அணுவிலுள்ள இலத்திரனும் அவ்வாறே. சூட்டினாலோ மின்சாரத்தினாலோ மேற்படிக்கு ஏறிய இலத்திரன் கீழ்ப்படிக்கு இறங்கும்போது, இரண்டு படிகளுக்கும் உள்ள சக்தி வித்தியாசம் ஒளியாக வெளிவருகிறது. படிகளின் உயரம் அணுவுக்கு அணு வேறு. ஆகவே ஒளியின் நிறமும் வேறு. மூலக்கூறிலோ இலத்திரனுக்குரிய படிகள் மட்டுமல்ல, அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து அதிர்வதற்குரிய சிறுபடிகளும் உண்டு. அச்சிறுபடிகளை வெளிப்படுத்தும் ஒரு புதிய ஒளியையே இராமனும் கிருஷ்ணனும் தேடிக்கொண்டிருந்தனர். தேடும்போது அதன் பெயர் அவர்களுக்கே தெளிவாயிருக்கவில்லை.

1923இலேயே கே. ஆர். இராமநாதன் என்ற ஆராய்ச்சியாளர், தூய நீரிற் சிதறிய ஒளியோடு வேறு நிறமுள்ள மங்கலான ஒளி ஒன்று கலந்திருப்பதைக் கண்டார். கிருஷ்ணனும் தம் திரவங்கள் சிலவற்றில் அதைக் கண்டார். நீரில் ஏதோ அழுக்கு இருந்து ஒளிர்கிறது என்று எண்ணி மீண்டும் மீண்டும் வடித்தார்கள், ஒளி போகவில்லை. 1928 சனவரியில் வேங்கடேசுவரன் என்பவர் தூய கிளிசரினிலிருந்து பசுமை கலந்த ஒளி வருவதைக் கண்டு சொன்னார். அப்போது கணிதக் கொள்கைகளில் ஆழ்ந்திருந்த கிருஷ்ணனை மறுபடி சோதனைக்கு வருமாறு இராமன் அழைத்தார்.

அந்தப் பெப்ரவரி மாதத்தில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு அவர் காலத்துக்குப் பின் வெளியாகியுள்ளது. அதிலிருந்து அந்நாட்களை நாம் ஓரளவு அறிகின்றோம். சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஒரு நீல ஊதாக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் செலுத்தினார்கள். திரவத்திற் சிதறும் ஒளியைப் பச்சை மஞ்சட் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். இரண்டாம் கண்ணாடி நீல ஊதாவை முற்றாகத் தடுப்பது. ஆதலால் ஒன்றும் தெரியக்கூடாது. ஆனால் மங்கலான ஒரு பாதை தெரிந்தது. 7ஆம் திகதி, பெண்டேன் என்னும் தூய திரவத்தில் அதைக் காட்டியபோது இராமன் முதலில் நம்பவில்லை. பச்சை மஞ்சட் கண்ணாடியையும் எடுத்து ஒளி நுழையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்; பாதை மறைந்தது. ஆகவே அந்நிறம் வெளியிலிருந்து வந்ததன்று, திரவத்தினுள்ளே பிறந்தது என்பது உறுதியாயிற்று. ஒன்றன்பின் ஒன்றாகத் திரவங்கள் எல்லாவற்றையும் சோதித்தனர், ஒன்றுகூட விலக்காகவில்லை. அன்றிரவு ஒன்பது மணியளவில் இராமன் கிருஷ்ணனின் வீட்டுக்கே வந்து அவரை அழைத்து, காலையிற் கண்டது கிறேமர்சும் ஹைசன்பேர்க்கும் 1925இல் கணக்கினாற் கூறிய விளைவாகவே இருக்கவேண்டும் என்று பரபரப்போடு சொன்னார். 16ஆம் திகதி இருவர் பெயரும் இட்ட குறிப்பு ஒன்று நேச்சர் என்னும் இலண்டன் சஞ்சிகைக்கு அனுப்பப்பட்டது.

இனி வருவதே பெரியவருக்கு நாம் சொல்ல விரும்பிய விடை. பெப்ரவரி 27ஆம் திகதி, உலகம் வியக்கும் கண்டுபிடிப்புக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த அந்நாளில், கிருஷ்ணன் ஆய்வுகூடத்துக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு சமயச் சடங்கு இருந்தது, அதற்காக நின்றுவிட்டார். மறுநாள் 28ஆம் திகதியும் பிற்பகலிலேயே போனார். இராமன் அங்கிருந்தார். நுழையும் ஒளியின் நிறத்தை இன்னும் ஒடுக்குவதற்காக யுரேனியக் கண்ணாடி ஒன்றையும் சேர்த்து, சிதறிய ஒளியைச் சிறு நிறமாலை காட்டியால் விரித்துப் பார்த்தனர். நுழைந்த ஒளியின் நிறம் ஒரு பக்கம். அதனிடமிருந்து ஓர் இருண்ட இடைவெளியால் பிரிந்து புதிய ஒளி மறுபக்கம். அந்த இருண்ட இடைவெளியே இது பழைய ஒளிர்வன்று என்பதற்குச் சான்று. அந்நாளையே இந்தியா 1987 முதல் தேசிய விஞ்ஞான தினமாகக் கொண்டாடுகிறது. சடங்குக்கு நின்ற ஒரு நாளால் விஞ்ஞானத்துக்கு நட்டம் வரவில்லை. ஆய்வுக்குப் போன நாட்களால் வீட்டுக்கும் நட்டம் வரவில்லை.

புதிய ஒளியின் பொருளைத் துறைமுகத்தில் வாழும் நாம் சுலபமாக விளங்கிக்கொள்ளலாம். பொருளோடு வரும் வியாபாரியிடம் ஒவ்வொரு துறையும் தனக்குரிய சுங்கத்தை எடுத்துக்கொண்டு விடுகிறது. வெளியே வருபவனிடம் எவ்வளவு குறைந்தது என்று பார்த்தால் எந்தத் துறையால் வந்தான் என்று சொல்லலாம். மூலக்கூறும் தன் அதிர்வுக்கு வேண்டிய சக்தியை ஒளியிடமிருந்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வேறு நிறமாக விடுகிறது. இரசவிளக்கின் 435.8 நனோமீற்றர் நீலக் கோட்டைப் பென்சீனிற் செலுத்தினால், முதன்மையான புதிய கோடு 455.5 அளவில் தோன்றும். காபன் நாற்குளோரைட்டிற் செலுத்தினால் 444.7 அளவில் ஒரு கோடு தோன்றும். ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும் மூலக்கூறு சிலவேளை தன் சக்தியையும் கொடுத்தனுப்பும். அப்போது ஒளி நீலப்பக்கம் நகரும். சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழக் கோடியில் ஒன்றே இவ்வாறு மாறுகிறது. மற்றவை எல்லாம் விளக்கின் நிறத்தையே திருப்பிச் சொல்கின்றன. மூலக்கூறின் பெயரைச் சொல்வது அந்தக் கோடியில் ஒன்றுதான்.

1930ஆம் ஆண்டுக்குரிய பௌதிக நோபெல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது. அவ்விளைவும் இராமன் விளைவு என்றே பெயர் பெற்றது. 1928இல் வெளியான குறிப்புகளில் சில இருவர் பெயரிலும், சில இராமனின் பெயரில் மட்டுமே வந்தன. இது நீதியோ என்று நம் நண்பர்கள் பலர் கேட்பதுண்டு. இராமனின் பங்கைக் குறைத்தல் தகாது. கேள்வியை எழுப்பியவர் அவர். ஏழு ஆண்டுகள் அதைக் கைவிடாது நடத்தியவர் அவர். கண்டதன் பொருளை உடனே உணர்ந்து உலகறியச் செய்தவரும் அவரே. அதே காலத்தில் மொஸ்கோவில் லாண்ட்ஸ்பேர்க், மண்டல்ஸ்டாம் என்னும் இருவரும் பளிங்குக் கல்லில் இதே விளைவைக் கண்டனர். அவர்களுக்கும் பரிசு கிட்டவில்லை. ஆயினும் பெயரிலும் கிருஷ்ணனுக்கு ஓர் இடம் இருந்திருக்கலாம் என்றே நமக்குத் தோன்றுகிறது. இதை மறைத்து எழுதினால் அது சரிதமாகாது.

கிருஷ்ணன் என்ன செய்தார் என்பதே நமக்கு வேண்டிய பாடம். வழக்காடவில்லை, ஏமாற்றத்தை எண்ணி ஓய்ந்திருக்கவுமில்லை. 1928 டிசம்பரில் டாக்கா சர்வகலாசாலைக்கு விரிவுரையாளராகச் சென்று, புதிய துறை ஒன்றைத் தொடங்கினார். மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது திரும்பும் அளவிலிருந்து உள்ளே அணுக்களும் மூலக்கூறுகளும் எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்று கணித்தார். பானர்ஜி, குகா முதலிய மாணவரோடு அவர் செய்த அவ்வாராய்ச்சி உலகெங்கும் மதிக்கப்பட்டது. 1933இல் கல்கத்தாவுக்கு மீண்டு, மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியரானார். படிகங்கள் ஒளியை உறிஞ்சும் தன்மையையும் அங்கு ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக்கியது. 1942இல் அலகாபாத் சர்வகலாசாலையின் பௌதிகப் பேராசிரியரானார். 1946இல் சேர் பட்டம் கிடைத்தது.

இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில், புதுடில்லியில் அமையவிருந்த தேசிய பௌதிக ஆய்வுகூடத்துக்கு அவரே முதல் இயக்குநரானார். 1950 சனவரியில் அது திறந்துவைக்கப்பட்டது. நிர்வாகப் பொறுப்பு மலைபோலிருந்தும் அவர் ஆராய்ச்சியை விடவில்லை. மின்சாரத்தாற் சூடேறி ஒளிரும் மெல்லிய கம்பிகளில் வெப்பம் எவ்வாறு பரவுகிறது என்று கணித்துக் கட்டுரைகள் வெளியிட்டார். 1954இல் பத்மபூஷண் விருதும், 1958இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன. டில்லியில் வாழ்ந்தபோதும் தமிழ் அவரை விட்டு நீங்கவில்லை. தமிழில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதினார். விஞ்ஞானத்தைத் தாய்மொழியிற் கற்பிக்கலாம் என்பதைத் தம் எழுத்தினாலேயே காட்டினார். 1961ஆம் ஆண்டு யூன் 14ஆம் திகதி புதுடில்லியில் அவர் காலமானார்.

அவர் கண்ட மங்கலான ஒளி இன்று மங்கலானதன்று. லேசர் என்னும் வலிய ஒளி வந்தபின், மருந்தின் தூய்மையை அறியவும், பழைய ஓவியத்தின் வர்ணத்தை அறியவும், போத்தலைத் திறக்காமலே உள்ளிருக்கும் திரவத்தை அறியவும் அது பயன்படுகிறது. 2021 பெப்ரவரியில் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் என்னும் ஊர்தியும், அங்குள்ள கல்லின் மூலக்கூறுகளைப் படிக்க அவ்விளைவையே கையாள்கிறது.

இளைஞர்களே, பெரிய விளக்கு எந்நிறமோ அந்நிறத்தையே திருப்பிச் சொல்லும் ஒளி எங்கும் நிறைந்திருக்கிறது. கோடியில் ஒன்றாய் மாறி வரும் ஒளியே உண்மையைச் சொல்கிறது. அதைக் காண வேண்டியவை தூய்மை, பொறுமை, பயின்ற கண் ஆகிய மூன்றுமே. வத்திராயிருப்பில் பிறந்த பிள்ளைக்கு அவை வாய்த்தன. சல்லியில் பிறந்த பிள்ளைக்கு வாய்க்காமற் போவதற்குக் காரணம் எதுவுமில்லை. பெரியவர்களே, ஆய்வுகூடத்துக்குப் போகும் பிள்ளை வாசலை மறக்கத்தான் வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. மறந்தால் குறை அப்பிள்ளையுடையது, விஞ்ஞானத்தினுடையதன்று. இதை எழுதும்போது நம் குறையும் நமக்குத் தெரிந்தது. வருகின்ற பொங்கலுக்குப் பரீட்சை இருந்தாலும் நாம் ஊருக்கு வருவோம். வாணம் வெடிக்கையில் ஒவ்வொரு நிறத்துக்கும் உரிய உப்பு எது என்று சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். அன்னை முத்துமாரி அருள்புரிவாளாக.